அம்சவேணி சொன்னதும் நான் எழுதியதும்

கோல்ஃப் என்பது பணக்காரர்கள் பந்தைத் தொலைத்துவிட்டு ஏழைகளைத் திட்டும் விளையாட்டு. பதினோரு வருடம் அதில் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், நம்பலாம்.

நான் இருந்தது பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தும் ஒரு கம்பெனி. ஒன்பது வயதிலிருந்து பதினேழு வரை. ஏப்ரலில் சண்டிகர், பிறகு லக்னோ, ஜெய்ப்பூர், கோடை விடுமுறையில் கடைசி ஆட்டம் தில்லி. ஸ்கோர் பலகை, கொடிக்கம்பு, கூடாரத் துணி, கோப்பைகள் எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு சர்க்கஸ்காரர்கள் மாதிரி ஊர் ஊராகப் போவோம். போட்டியின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு கர்னல். அவருக்குக் கீழே நாற்காலி போடுவது முதல் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது வரை எல்லாம் நான். லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்த குமாஸ்தா மகன் குமாஸ்தா. பெயர் தட்சிணாமூர்த்தி. கர்னலுக்கு மூர்த்தி.

தில்லியில் நாங்கள் ஆடிய மைதானத்தில் புல்லுக்கு இருபுறமும் கீக்கர் முள்காடு. பந்து அதற்குள் போனால் போனதுதான். ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் குழந்தைக்குத் தண்டனை உண்டு. தண்டனை என்றால் குழந்தை அழும், அப்பா வருவார், என்னைத் திட்டுவார். அதனால் ஒவ்வொரு குழிப் பாதையிலும் முன்னால் ஓர் ஆள் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கிளப்புகளில் இவர்களுக்கு ஆகேவாலா என்று பெயர். முன்னால் நிற்பவர். 1998இல் நாங்கள் பிடித்த ஆகேவாலாக்கள் பாதிப் பந்தைக் காணோம் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வாசலில் விற்றார்கள். ஓர் அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கர்னல் என்னைப் பார்த்து, "உங்கள் மதராசிகள் ஒழுங்கானவர்கள் ஆயிற்றே, அவர்களைக் கொண்டு வா" என்றார். பாராட்டா, வசவா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்படித்தான் ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில், ஜுக்கி என்று சொல்லும் குடிசைகளாக இருந்த மதராசி கேம்ப்புக்குப் போனேன். முப்பது வருடம் பக்கத்திலேயே இருந்தும் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெட்கப்பட வேண்டிய விஷயம். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, நாற்றமாகத்தான் இருந்தது.

காலை நேரம். நாலாவின் கரையில் ஓர் அம்மாள் நின்றுகொண்டு தூரத்துப் பாலத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பஸ் வருகிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்கு அதன் நம்பர் தெரிந்தது. "லதா, ஒன்னுது வருது, ஓடுடி! மத்தவளுங்க நில்லுங்க, இது நொய்டா." வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அவர் சொல்வதை நம்பித்தான் ஓடினார்கள், நின்றார்கள். அவர்தான் அம்சவேணி. கள்ளக்குறிச்சிப் பக்கம். ஏஷியாட் விளையாட்டுக்கான கட்டட வேலைக்குப் புருஷன் வேலுவோடு 1981இல் வந்து செங்கல் சுமந்தவர். வேலு மார்ச்சளியில் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மகளை ஃபரீதாபாத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். "எம்மாந்தூரம் போவும் அந்தப் பந்து?" என்றார்.

"இருநூறு கஜம் போகும்மா."

"அவ்ளோதானா? எங்க மேம்சாப் மூஞ்சி சுளிக்கறத நாலு வீடு தள்ளி நின்னே கண்டுபிடிப்பேன் சார் நான்."

பதினெட்டுப் பெண்களைத் திரட்டினார். எல்லாரும் வீட்டு வேலைக்காரிகள், ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். நாலா ஓரத்துப் புதரில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. சுண்ணாம்பில் முக்கிய சின்ன உருளைக்கிழங்குகளை ஒருத்தி எறிய, மற்றவர்கள் விழுந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். தொடக் கூடாது. தவறான இடத்தில் நின்றவளுக்குக் கிடைத்த வசவுகளை நான் இங்கே எழுத முடியாது. மைதானத்துக்கு வந்தபோது நீலத் தொப்பியை முக்காட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு, குழிக்கு ஒருவராக, பதினெட்டு இடத்தில் நின்றார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் கண்டபடி அடித்துத் தள்ளிய பந்துகள் ஒன்றுகூடத் தொலையவில்லை. கேம்ப்பில் அவர்களுக்கு ஆகேவாலி என்று பட்டப்பெயர் வந்தது.

அம்சவேணி அவர்களுக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "பந்து இருக்கற எடத்துல நீ இருக்கணும். அந்தப் புள்ள வந்து அடிக்கற வரைக்கும் நவுரக் கூடாது. பாம்பு வந்தாலும் சரி, பகவான் வந்தாலும் சரி." கண்ணை எடுத்தால் காக்கை கொத்திக்கொண்டு போய்விடும், மயில் உருட்டிவிடும், காற்று தள்ளிவிடும். அப்புறம் பழி யார் மேல்? ஜுக்கிக்காரி திருடிவிட்டாள் என்பார்கள். அந்த ஒரு பேச்சு வரக் கூடாது என்பதுதான் அவருடைய பிடிவாதம். மே மாத வெயிலில் ஆறு மணி நேரம் அப்படி நிற்பார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு எந்த நிறத்துப் பழரசம் வைக்க வேண்டும் என்று நான்கு பக்கம் கடிதம் எழுதிய நான் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

2001இல் ஒரு மத்தியானம் ஆந்தி அடித்தது. தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கோடையில் மேற்கிலிருந்து வரும் மண்புயல். வானம் மஞ்சளாகிப் பழுப்பாகிப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். கர்னல் ஹார்னை அடித்து ஆட்டத்தை நிறுத்தினார். பிள்ளைகள் பந்தைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து ஆட வேண்டும். பந்து நகர்ந்திருந்தால் யாருடையது எங்கே இருந்தது என்று பஞ்சாயத்து. ஆனால் முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பதினெட்டு இடத்திலும் பெண்கள் பந்துக்கு அணையாகக் குந்தியிருந்தார்கள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் மண்ணோடு. ஒரு பந்துகூட அசையவில்லை. கர்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டாளத்தில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார். இனி தில்லியில் எங்கே ஆட்டம் நடந்தாலும் அம்சவேணியின் ஆட்கள்தான் என்று அங்கேயே அறிவித்தார். எல்லாரும் கை தட்டினோம். அன்று மின்னலும் இல்லை, இடியும் இல்லை, வெறும் மண். 

அதற்குப் பிறகு கேம்ப்பில் அம்சவேணி பெரிய மனுஷி. அவர் கூட்டத்தில் சேர நான் நீ என்று போட்டி. அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள் பாப்பம்மாள். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம். அவள் புருஷன் ராஜமாணிக்கம் சாக்கடை அடைப்பு எடுப்பவர். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. வெயிலில் நின்று ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாராம். அம்சவேணி அவர் வீட்டு வாசலுக்கே போய், "அவள எப்படிக் கூட்டிட்டுப் போறனோ அப்படியே கொண்டாந்து வுடறேன் தம்பி. என் தலைமேல சத்தியம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டிவந்தார். கேம்ப்பில் அப்படித்தான் நடக்கும். காண்ட்ராக்ட், கையெழுத்து எல்லாம் கிடையாது. வாய்ச்சொல்தான். அதை நம்பித்தான் ஒரு பெண்ணை இன்னொருவரோடு அனுப்புவார்கள்.

2002, மே கடைசி வாரம், இறுதி நாள். காலையிலேயே புழுக்கம். கர்னல் பேப்பரில் வானிலை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், புயல் வந்தால் போன வருடம் போலவே பெண்கள் பந்தோடு நிற்கட்டும் என்று. நான் போய் அதை அப்படியே அம்சவேணியிடம் சொன்னேன். "அச்சா சார்" என்றார். தொப்பிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான், அரை நிமிடப் பேச்சு.

இரண்டரை மணி சுமாருக்கு மேற்கே வானம் இருண்டது. இந்தத் தடவை மஞ்சள் இல்லை, கறுப்பு. காற்று கிளம்புவதற்குள் கர்னல் ஹார்ன் அடித்தார். வண்டிகள் பறந்தன. ஐம்பத்து நான்கு பிள்ளைகளையும் கொண்டுவந்து கிளப் வராந்தாவில் ஏற்றினோம். நான் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் சொல்லிச் சொல்லி டிக் போட்டேன். ஐம்பத்து நான்கும் சரி. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தப் பட்டியலில் அந்தப் பதினெட்டுப் பேர் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை.

முதல் இடி விழுந்தது. வராந்தாவில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூட்டத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த அம்சவேணி என்னிடம் வந்தார். அவர் மேற்பார்வை, அதனால் எந்தப் பந்தோடும் நிற்க வேண்டியதில்லை.

"சார், இடி விழுது. கொழந்தைங்க எல்லாம் உள்ளாற வந்தாச்சு. எங்காளுங்கள கூப்புட்டுக்கட்டுமா?"

நான் போய்க் கர்னலைக் கேட்டேன். அவர் கையில் டீக் கோப்பையோடு வானத்தைப் பார்த்தார். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்றார். இப்போது எல்லாரையும் கூப்பிட்டால் பந்துகள் போய்விடும், இறுதி ஆட்டமே போய்விடும், பத்து நிமிடம் பார்க்கலாம் என்றார். கொடுமைக்கார மனிதர் என்று நினைக்க வேண்டாம். அன்று காலை ஓர் ஆகேவாலிக்குத் தலை சுற்றியபோது தன் சொந்தக் குடையைக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தோன்றியது. தோன்றியும் திரும்பி வந்து, பாங்கில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் சொல்வது போல, "பத்து நிமிஷம் இருங்கம்மா" என்றேன்.

அவர் இருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஆறேழு நிமிடம் அந்தப் படியில் நின்றார். அடுத்த மின்னலில் வராந்தா முழுக்க வெள்ளையாயிற்று. அதோடு ஒரு வெடி. ஒரு குழந்தை வீரிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது படியில் அவர் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. அந்த உடம்போடு, நாற்பத்தாறு வயதில், மழையில் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை மற்றப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காற்றில் அவர் குரல் எட்டவில்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறார். கிட்டே வந்து திட்டினால் ஒழிய யாரும் நகரவில்லை. நகரக் கூடாது என்று சொன்னவர் அவர்தானே. ஒவ்வொருத்தியையும் தோளைப் பிடித்து இழுத்து, "பந்து மயிராப் போச்சு, ஓடுடி" என்று கத்தித் துரத்தியிருக்கிறார். ஒன்றாம் குழி, இரண்டாம் குழி, பதினெட்டு, பதினேழு என்று பக்கத்தில் இருந்ததிலிருந்து ஆரம்பித்து அவர் சுற்றியபோது, தானாகவே மூன்று நான்கு பேர் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடிவந்துவிட்டார்கள். பதின்மூன்றாம் குழி மட்டும் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி இருந்தது. அங்கே ஒற்றை இலவ மரம். ஒரு சிறுமியின் பந்து அதன் வேரோரம் போய் விழுந்திருந்தது. பாப்பம்மாள் சொன்ன சொல் தவறாமல் பந்துக்குப் பக்கத்தில், மரத்தடியில், குந்தியிருந்தாள்.

அம்சவேணி அவளைக் கண்ணால் பார்த்துவிட்டார். நூறு கஜம் இருக்குமாம். கையை ஆட்டினாராம். பாப்பம்மாளும் இவரைப் பார்த்துவிட்டு, பந்து பத்திரமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக, கீழே விரலைக் காட்டினாளாம். அப்போதுதான் விழுந்தது.

நாங்கள் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது அம்சவேணி அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார், எழுந்திரு எழுந்திரு என்று. மரம் உச்சியிலிருந்து அடிவரை பட்டை உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், சடங்குக்காக. அன்று ஐந்து மணிக்கு வானம் பளிச்சென்று ஆகிவிட்டது. கோப்பைகளை நான் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அப்பா வந்து தணிந்த குரலில் கேட்டார்: பதின்மூன்றாவதில் என் மகள் பந்து இருந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? நாளைக்கு ஆட்டம் தொடர்ந்தால் தேவைப்படுமே. நான் குறித்து வைத்திருக்கிறேன் என்றேன். உண்மையாகவே குறித்து வைத்திருந்தேன். என்ன ஜென்மம் நான்!

நாலாவது நாள், விசாரணைக்கு வாக்குமூலம் வேண்டும் என்று அம்சவேணியைக் கிளப் அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அவருக்குக் கடைத்தெரு இந்தி வரும், ஆங்கிலம் வராது. அவர் தமிழில் சொல்ல நான் எழுத வேண்டும். வருவதற்கு முன் கர்னல் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "சுருக்கமாக எழுது மூர்த்தி. நகராதே என்று பெண்களுக்குச் சொன்னது யார்? அந்த அம்மாள். அது உண்மை. அது போதும்." பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. இந்தச் சாமர்த்தியம் படித்தவர்களுக்குத்தான் வரும்.

அம்சவேணி கண் இடுங்கி, நாலு நாளில் பத்து வயது கூடியது போல இருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"எழுதிக்குங்க சார். பந்த வுட்டு நவுரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். நாலு வருசமா சொல்றேன். அது என் பேச்சு, மறைக்க மாட்டேன். அவ புருசங்கிட்ட சத்தியம் பண்ணிக் கூட்டியாந்ததும் நான்தான். ஆனா அன்னிக்குக் காலையில நீங்க வந்து, பொயல் வந்தா போன வருசம் மாதிரியே நிக்கட்டும்னு கர்னல் சார் சொன்னதாச் சொன்னீங்க. அதையும் எழுதுங்க. இடி இடிச்சப்ப கூப்புட்டுக்கட்டுமான்னு கேட்டேன். பத்து நிமிசம் இருங்கன்னீங்க. அதையும் எழுதுங்க. உங்க மேல கோவத்துல சொல்லல சார். நடந்தத நடந்த மாதிரி எழுதிடுங்க. அவ புள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

நான் எழுதினேன். ஐந்து வாக்கியம். நகரக் கூடாது என்பது அவருடைய உத்தரவு, நான்கு வருடமாக அவர் போட்ட விதி, இறந்த பெண்ணை அழைத்துவந்தவர் அவர். அதற்கு மேல் பேனா போகவில்லை. காலையில் நான் சொன்னதை எழுதினால் என் பெயரை எழுத வேண்டும். பத்து நிமிடத்தை எழுதினால் கர்னல் பெயரை எழுத வேண்டும். என் மகள் சிந்து அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இதை ஒரு காரணமாகச் சொல்கிறேன், சமாதானமாகச் சொல்லவில்லை.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றார்.

காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தமிழில் படித்தேன். காலையில் நான் வந்து சொன்னது, அவர் கேட்டது, பத்து நிமிடம் இருக்கச் சொன்னது, ஒன்று விடாமல், அந்தக் காகிதத்தில் இல்லாததையெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கர்னலுக்குத் தமிழ் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

அவர் தமிழில், எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டார்.

இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த மரணம், போட்டி நடத்தியவர்கள் மேல் தவறில்லை என்று கோப்பு மூடப்பட்டது. ராஜமாணிக்கம் யாரோ சொல்லி நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். செப்டம்பரில் பதில் வந்தது. பெண்களை நிற்க வைத்தது அம்சவேணி என்பவரின் சொந்த உத்தரவு, கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று. கூடவே வாக்குமூலத்தின் நகல். பாப்பம்மாளின் மகள் கனிமொழி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அதைக் கேம்ப்பில் எல்லாருக்கும் படித்துச் சொன்னாள்.

நடந்ததை எல்லாம் சார்கிட்ட சொல்லிட்டேன், அவரும் எழுதிட்டாரு என்று அம்சவேணி நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தில் அது இல்லை. யாரும் அவரோடு சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. காலையில் அவர் பஸ் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாதது போல நின்றார்கள். தப்பான பஸ்ஸில் ஏறினாலும் ஏறுவார்களே தவிர அவர் சொல்லி ஓட மாட்டார்கள். ராஜமாணிக்கம் எதிரே வந்தால் சந்து மாறிப் போனார்.

அக்டோபரில் ஒருநாள் அவர் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். நியாயம் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசல்படியிலேயே நின்று சொன்னார்:

"அந்தக் கனிமொழிப் பொண்ணுக்கு இங்கிலீசு சரியா படிக்க வரல போல சார். சின்னப் பொண்ணு பாவம், பாதிய வுட்டுட்டுப் படிக்குது. நீங்க ஒரு நடை வந்து முழுசாப் படிச்சுக் காட்டிட்டா போதும். அன்னிக்கு எங்கிட்ட படிச்சீங்கல்ல, அந்த மாதிரி."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். ராஜமாணிக்கம் வீட்டு முன்னால் எனக்கு ஒரு ஸ்டூல். ஆகேவாலிகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். அம்சவேணி குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கனிமொழி நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு ஜடை, பள்ளிக்கூட வெள்ளை ரிப்பன். நான் படிக்க வாயைத் திறந்தேன். அன்றைக்குப் போலவே படித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், கடவுள் சாட்சியாக. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டாள், நான் படிக்கப் படிக்க நகர்த்துவதற்காக.

ஐந்தாவது வாக்கியம் முடிந்தும் நான் படித்துக்கொண்டே போனேன், விரல் நின்றுவிட்டது. "எந்த லைன் அங்கிள்?" என்றாள். கோபமே இல்லை. வகுப்பில் டீச்சரைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அது இதில் இல்லை. நான் எழுதவில்லை" என்றேன்.

 அம்சவேணி எதையோ கணக்குப் போடுவது போல என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் எழுதிட்டீங்களான்னு கேட்டேனே சார்" என்றார்.  என் வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது.

அன்று பஸ்ஸுக்கு ஓடிய லதாதான் முதலில் அழுதாள். எழுந்து வந்து அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜமாணிக்கம் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தார். பிறகு மகளிடம் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கச் சொன்னார். "இப்ப எழுதிக் குடுங்க சார். அன்னிக்குச் சொன்னது பூராவும். நான் திருப்பி மனுப் போடறேன்."

எழுதினேன். அந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதினேன், என் பெயரோடு, கர்னல் பெயரோடு. கையெழுத்துப் போடுகிற இடம் வந்தது. பேனா நின்றது. மறுநாள் காலை கர்னலின் முகம், வேலை, சிந்துவின் காலேஜ், எல்லாம் வந்து கையைப் பிடித்தன. கையால் எழுதினால் செல்லாது என்றேன். ஆபீஸில் டைப் அடித்து முத்திரை போட்டுக் கொண்டுவருகிறேன், அப்போதுதான் செல்லும் என்றேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கனிமொழி மட்டும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கத்துக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எழுந்து என் வழியில் நின்றார்.

அம்சவேணி குறுக்கே வந்தார். "போவ வுடு தம்பி. தப்பு பண்ணிட்டேன்னு நாலு பேரு முன்னாடி வாய் தொறந்து ஒத்துக்கிட்டவரு. கொண்டாந்து குடுப்பாரு. நான் சொல்றேன்."

ராஜமாணிக்கம் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.